விற்கும்போதே நிறுத்தப்பட்ட துப்பாக்கி

ஒரு பொருள் சந்தையை விட்டுப் போவதற்கு வழக்கமாக ஒரே காரணம்தான்: வாங்க ஆளில்லை. 2014ல் உத்தரபாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் காரின் உற்பத்தி நின்றபோது வருத்தப்பட்டவர்கள் நாடெங்கும் இருந்தார்கள். ஆனால் அவர்களில் அந்த ஆண்டு புதிதாக ஒரு அம்பாசிடர் வாங்க எண்ணியிருந்தவர்கள் மிகக் குறைவு. விற்காத சரக்கை யாரும் காலம் முழுக்கத் தயாரித்துக்கொண்டிருக்க முடியாது.

2025 அக்டோபரில் ஆஸ்திரியாவின் கிளாக் நிறுவனம் வெளியிட்ட அறிவிப்பு இந்தக் கணக்கில் அடங்காது. அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளில் அதிகம் கேட்டு வாங்கப்படும் கைத்துப்பாக்கிகளின் பட்டியலில் கிளாக் 17க்கும் 19க்கும் பல ஆண்டுகளாக இடம் உண்டு. அவை உட்பட, பொதுமக்களுக்கு விற்கப்படும் தன் மாடல்களில் பெரும்பாலானவற்றை நவம்பர் இறுதியோடு நிறுத்திக்கொள்வதாக நிறுவனம் தெரிவித்தது. 43, 43எக்ஸ், 48 போன்ற மெலிந்த ரகங்கள் மட்டும் தொடரும். மற்றவற்றின் இடத்தில் ‘வி’ வரிசை என்ற புதிய குடும்பம் வரும். பார்வைக்குப் பழைய கிளாக்தான். உள்ளே சில பாகங்கள் மட்டும் வேறு.

தயாரிப்பு வரிசையைச் சுருக்கி, எதிர்கால வளர்ச்சிக்கு உதவும் ரகங்களில் கவனம் செலுத்துவதே நோக்கம் என்றது நிறுவனம். நல்ல வியாபார மொழி. ஆனால் அமெரிக்கத் துப்பாக்கி வட்டாரத்தில் இந்த விளக்கத்தோடு திருப்தி அடைந்தவர்கள் அதிகமில்லை. காரணம், அறிவிப்புக்குச் சில நாட்கள் முன்புதான், அக்டோபர் 10ம் தேதி, கலிபோர்னியா கவர்னர் கேவின் நியூசம் ஒரு மசோதாவில் கையெழுத்திட்டிருந்தார். சாதாரணக் கருவிகளைக் கொண்டு எளிதில் இயந்திரத் துப்பாக்கியாக மாற்றிவிடக்கூடிய கைத்துப்பாக்கிகளை 2026 ஜூலை 1 முதல் கடைக்காரர்கள் விற்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். சட்டம் குறிவைத்தது சிலுவை வடிவில் அமைந்த விசைத் தகடு கொண்ட கைத்துப்பாக்கிகளை. அந்த அடையாளத்தைப் படித்த எவருக்கும் அது யாருடைய சரக்கு என்பதில் சந்தேகம் வந்திருக்காது.

அந்தச் சட்டத்துக்கும் இந்த அறிவிப்புக்கும் நடுவில் நிற்பது ஒரு நாணயத்தின் அளவே உள்ள சின்னஞ்சிறு துண்டு. தெருமொழியில் அதன் பெயர் ‘கிளாக் ஸ்விட்ச்’. கைத்துப்பாக்கியின் பின்பக்கத்தில் அதைப் பொருத்திவிட்டால், ஒரு முறை விசையை அழுத்தினால் ஒரு தோட்டா என்ற கட்டுப்பாடு போய்விடுகிறது. விரலை எடுக்கும்வரை சுட்டுக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 1,200 தோட்டா என்ற வேகம்; அதாவது சாதாரண மேகசின் ஒன்று ஒரு விநாடிக்குள் காலி. அந்த வேகத்தில் கையில் துள்ளும் துப்பாக்கியைப் பழகிய போலீஸ்காரரே குறி பிசகாமல் பிடிப்பது கடினம். பதினாறு வயதுப் பையன் பிடித்தால், அவன் குறிவைத்த ஆளைத் தவிர மற்ற எல்லோர் மேலும் பாயும்.

இப்படி ஒரு சிக்கலில் கொண்டுவிட்டது, ஆரம்பத்தில் இந்தத் துப்பாக்கியின் பெருமையாக இருந்த ஒரு குணம்தான்: எளிமை.

1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரிய ராணுவம் தன் பழைய வால்த்தர் பிஸ்டல்களுக்குப் பதிலாகப் புதியது தேடியது. வியன்னாவுக்கு அருகே டாய்ச் வாக்ராம் என்ற ஊரில் பிளாஸ்டிக், உலோகப் பொருட்கள் செய்யும் பட்டறை வைத்திருந்தவர் காஸ்டன் கிளாக். திரைச்சீலைக் கம்பிகள் செய்தவர். ராணுவத்துக்குக் கத்தியும் மண்வெட்டியும் கொடுத்தவர். துப்பாக்கி செய்தவர் அல்ல. அந்தத் தொழிலின் பழக்கவழக்கங்கள் தெரியாததே அவருக்கு உதவியது. நிபுணர்களைக் கூப்பிட்டு, என்ன வேண்டும் என்று கேட்டார். சந்தையில் இருந்த பிஸ்டல்களைப் பிரித்துப் பார்த்தார். எது இல்லாமல் முடியும் என்று ஒவ்வொரு பாகமாகக் கழித்தார். முதல் மாதிரிகளைச் சோதிக்கும்போது இடது கையால் சுட்டார் என்று சொல்வதுண்டு. வெடித்துச் சிதறினாலும் படம் வரைய வலது கை மிஞ்சுமே!

1982ல் அவர் துப்பாக்கியை ராணுவம் ஏற்றுக்கொண்டது. பதினேழாவது காப்புரிமை என்பதால் 17 என்று பெயர். உடல் பிளாஸ்டிக். மொத்தமே சுமார் 34 பாகங்கள். மேகசினில் 17 தோட்டா. சேற்றில் போட்டு எடுத்தாலும் சுடும் என்ற பெயர் வந்தது. விலையும் குறைவு.

அமெரிக்காவில் நேரம் அதற்காகவே காத்திருந்தது போலிருந்தது. 1986 ஏப்ரலில் மயாமியில் இரண்டு கொள்ளைக்காரர்களோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் இறந்தனர், ஐவர் காயமடைந்தனர். ஆறு தோட்டா ரிவால்வரை இன்னும் எத்தனை நாள் வைத்துக்கொள்வது என்று போலீஸ் துறைகள் கேட்கத் தொடங்கின. அதே சமயத்தில் ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்மிர்னாவில் கடை விரித்த கிளாக், பழைய ரிவால்வரைக் கொடுத்துப் புதிய பிஸ்டலை வாங்கிக்கொள்ளுங்கள் என்றது. பழைய பாத்திரத்துக்கு எவர்சில்வர் கொடுக்கும் அதே வியாபாரம்தான். போலீஸ் இடுப்பில் இருப்பதைப் பொதுமக்களும் கேட்டார்கள். அமெரிக்க போலீஸ் துறைகளில் 65 சதவீதம் தன் துப்பாக்கியையே வைத்திருக்கின்றன என்று நிறுவனம் பெருமையடித்துக்கொண்டதுண்டு.

சினிமாவும் தன் பங்கைச் செய்தது. 1990ல் வந்த ‘டை ஹார்ட் 2’ படத்தில், விமான நிலைய எக்ஸ்ரேயில் தெரியாத பீங்கான் துப்பாக்கி என்று கதாநாயகன் ‘கிளாக் 7’ பற்றிப் பேசுவார். அப்படி ஒரு மாடலே கிடையாது. கிளாக்கின் எடையில் பெரும்பங்கு எஃகுதான். எக்ஸ்ரேயில் நன்றாகவே தெரியும். ஆனால் அந்தப் பொய்யே விளம்பரமாகிவிட்டது.

எளிமைக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. குறைந்த பாகங்கள், எல்லா மாடலுக்கும் ஏறக்குறைய ஒரே அமைப்பு. ஆகவே ஒன்றில் செய்யும் திருத்தம் மற்றவற்றிலும் செல்லுபடியாகும். 1980களிலேயே வெனிசுவேலாக்காரர் ஒருவர் இந்த ஸ்விட்ச்சை யோசித்துவிட்டார். 1998ல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமையும் வாங்கினார். அரசுப் படைகளுக்கு மட்டும் என்று கிளாக் நிறுவனமே ‘18’ என்ற முழுத் தானியங்கி ரகத்தைத் தயாரித்து வந்தது. பொதுமக்களின் 17க்கும் படைகளின் 18க்கும் இடையிலான தூரம் எவ்வளவு என்பதை அந்த நிறுவனத்தைவிட நன்றாக அறிந்தவர் இருக்க முடியாது.

பல ஆண்டுகள் இது தொழில் தெரிந்தவர்களின் விஷயமாகவே இருந்தது. பிறகு இன்டர்நெட் வழியாக வெளிநாட்டிலிருந்து இருபது டாலருக்கு ஸ்விட்ச் தபாலில் வரத் தொடங்கியது. அடுத்தது முப்பரிமாண அச்சு இயந்திரம்; வீட்டிலேயே அச்சடிக்கலாம். 2012 முதல் 2016 வரையிலான ஐந்தாண்டுகளில் அமெரிக்காவின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுத் துறையான ஏ.டி.எஃப். கைப்பற்றிய மாற்றுக் கருவிகள் 814. அடுத்த ஐந்தாண்டுகளில் 5,454. இவை கணக்கில் வந்தவை மட்டும்.

இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பவை சாலைகளில் கிடந்த தோட்டாக் கூடுகள். 2022 ஏப்ரலில் கலிபோர்னியாவின் தலைநகர் சாக்ரமெண்டோவில், மதுக்கூடங்கள் மூடும் நேரத்தில் நடந்த சண்டையில் ஆறு பேர் இறந்தனர், பன்னிரண்டு பேர் காயமடைந்தனர். தானியங்கியாக மாற்றப்பட்ட ஒரு திருட்டுக் கைத்துப்பாக்கி அங்கே சிக்கியது. 2024 செப்டம்பரில் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில், ஒரு கேளிக்கை விடுதிக்கு வெளியே நின்றிருந்த கூட்டத்தின் மீது சுட்டதில் நான்கு பேர் இறந்தனர், பதினேழு பேர் காயமடைந்தனர். சுமார் நூறு தோட்டாக் கூடுகள் கிடந்தன. மாற்றுக் கருவி பயன்பட்டிருக்கலாம் என்றது போலீஸ். துப்பாக்கிக் கட்டுப்பாடு என்றாலே முகம் சுளிக்கும் அலபாமாவின் சட்டசபைகூட 2025ல் இந்தக் கருவிகளுக்கு எதிராகத் தனிச் சட்டம் போட்டது.

இத்தனைக்கும் ஸ்விட்ச் வைத்திருப்பது மத்திய சட்டப்படி எப்போதோ குற்றம். இயந்திரத் துப்பாக்கிகளை 1934லேயே அமெரிக்கா பதிவுக்கும் வரிக்கும் உட்படுத்தியது. 1986க்குப் பிறகு தயாரானவற்றைப் பொதுமக்கள் வைத்திருக்கவே முடியாது. துப்பாக்கி இல்லாமல் வெறும் ஸ்விட்ச் மட்டும் பையில் இருந்தாலும் பத்தாண்டு வரை சிறை. கிளாக்கின் ஆதரவாளர்கள் எழுப்பும் வாதத்தின் அடித்தளம் இதுதான். குற்றம் செய்பவன் ஸ்விட்ச்சைச் செய்பவன், அதைப் பொருத்துபவன். சட்டப்படி நல்ல பொருள் தயாரிக்கும் நிறுவனம் என்ன செய்யும்? அரிவாளால் வெட்டியவனை விட்டுவிட்டுக் கொல்லனைப் பிடிப்பார்களா?

கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. சிகாகோ நகரம் அதற்கு வேறு பதில் சொன்னது. 2024 மார்ச்சில் கிளாக் மீது அந்த நகரம் வழக்குத் தொடுத்தது. முந்தைய இரண்டே ஆண்டுகளில் தன் தெருக்களில் மாற்றப்பட்ட கிளாக்குகள் 1,100க்கு மேல் பிடிபட்டதாக அது கூறியது. வடிவமைப்பைத் திருத்தினால் இதைத் தடுக்கலாம் என்று தெரிந்தும் நிறுவனம் திருத்தவில்லை என்பது குற்றச்சாட்டு. அதே ஆண்டு டிசம்பரில் நியூஜெர்சியும் மினசோட்டாவும் தனித்தனியே வழக்குப் போட்டன. 2025 பிப்ரவரியில் மேரிலண்டும் பால்டிமோர் நகரமும் சேர்ந்துகொண்டன. இவர்களின் வாதத்தைச் சுருக்கமாகச் சொன்னால்: கொல்லன் அரிவாள் செய்யட்டும்; ஆனால் ஒரே தட்டில் பத்து அரிவாளாக விரியும் அரிவாள் தன்னுடையது மட்டும்தான் என்று தெரிந்த பிறகும் அதே அச்சில் ஏன் வார்க்கிறான்?

துப்பாக்கி நிறுவனத்தைக் கோர்ட்டுக்கு இழுப்பது அமெரிக்காவில் எளிதல்ல. சிகாகோவுக்கே இது இரண்டாவது முயற்சி. 1998ல் அந்த நகரமும் நியூ ஆர்லியன்ஸும் தொடங்கிவைக்க, இருபதுக்கும் மேற்பட்ட நகரங்களும் கவுண்டிகளும் துப்பாக்கித் தொழில் மீது வழக்குத் தொடுத்தன. சிகரெட் கம்பெனிகளை மாநிலங்கள் மண்டியிட வைத்திருந்த நேரம் அது. 1999 அக்டோபரில், ஒரு நூற்றாண்டுக்கு மேல் அமெரிக்கக் கைத்துப்பாக்கியின் மறுபெயராக விளங்கிய கோல்ட் நிறுவனம், பொதுமக்களுக்கான தன் கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றைக் கைவிட்டது. வழக்குச் செலவும் வழக்கு பயமும் அதற்கு முக்கியக் காரணங்கள். ஆகவே விற்பனைக்குரிய மாடல்களை ஒரு நிறுவனம் தானே நிறுத்துவது கிளாக்கோடு தொடங்கியதல்ல.

அடுத்த ஆண்டு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வேறு வழி பார்த்தது. 2000 மார்ச்சில் கிளின்டன் அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, துப்பாக்கிகளில் பாதுகாப்புப் பூட்டு வைக்கவும் விற்பனையைக் கண்காணிக்கவும் சம்மதித்தது. அதன் வாடிக்கையாளர்கள் இதைத் துரோகமாகப் பார்த்தார்கள். புறக்கணிப்பு கிளம்பியது, விற்பனை சரிந்தது. 1987ல் பதினோரு கோடி டாலருக்கு மேல் கொடுத்து அந்த நிறுவனத்தை வாங்கியிருந்த பிரிட்டிஷ் முதலாளிகள், 2001ல் அதை ஒன்றரைக் கோடி டாலருக்கும் கடன் பொறுப்புக்கும் கைமாற்றிவிட்டுப் போனார்கள். அரசோடு சமரசம் பேசினால் என்ன ஆகும் என்ற பாடத்தைத் தொழில் முழுவதும் மனப்பாடம் செய்துகொண்டது. துப்பாக்கியில் எந்தத் திருத்தத்தைச் செய்தாலும், பாதுகாப்புக்காகச் செய்தேன் என்று வாய்விட்டுச் சொல்ல ஒரு தயாரிப்பாளர் தயங்குவது ஏன் என்பதற்கு விளக்கம் இங்கே கிடைக்கிறது. வியாபார மொழிதான் பாதுகாப்பான மொழி.

சிகாகோவின் முதல் வழக்கை இல்லினாய் உச்ச நீதிமன்றம் 2004ல் தள்ளுபடி செய்தது. 2005ல் அமெரிக்க காங்கிரஸ் கதவையே சாத்தியது. துப்பாக்கியைக் குற்றவாளி தவறாகப் பயன்படுத்தினால் தயாரித்தவர் மீது வழக்குப் போட முடியாது என்று அது நிறைவேற்றிய சட்டத்தில் ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார். சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றின் வழியாக நுழைந்துதான் 2012 சாண்டி ஹூக் பள்ளிக் கொலைகளில் உறவுகளை இழந்த குடும்பங்கள், ரெமிங்டன் தரப்பிடமிருந்து 2022ல் 7.3 கோடி டாலர் பெற்றன. ஆனால் 2025 ஜூனில் மெக்ஸிகோ அரசு துப்பாக்கித் தயாரிப்பாளர்கள் மீது தொடுத்த வழக்கை, இதே 2005 சட்டத்தைக் காட்டி, அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக நிறுத்திவிட்டது.

வேறெந்தப் பொருளாக இருந்தாலும் கோர்ட்டுக்கு முன்பே ஒரு வாசல் இருந்திருக்கும். அடுப்பு, தொட்டில், ஏணி என்று வீட்டுப் பொருட்களின் பாதுகாப்பைக் கவனிக்க அமெரிக்காவில் 1972 முதல் ஒரு கமிஷன் உண்டு. ஆபத்தானதைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம் அதற்கு இருக்கிறது. துப்பாக்கி மட்டும் அதன் எல்லைக்கு வெளியே. விளையாட்டுத் துப்பாக்கியின் முனையில் ஆரஞ்சு நிறம் இருக்க வேண்டும் என்று விதி போட முடிந்த அரசால், நிஜத் துப்பாக்கியின் உட்பாகத்தைத் திருத்தச் சொல்ல முடியாது.

கலிபோர்னியா பிடித்தது மூன்றாவது வழி. தவறு யாருடையது என்று அது கேட்கவில்லை. நஷ்டஈடும் கேட்கவில்லை. இந்த வடிவமைப்பு இருந்தால் எங்கள் மாநிலக் கடையில் விற்கக் கூடாது, அவ்வளவுதான். ஏற்கெனவே வாங்கியவர்கள் வைத்துக்கொள்ளலாம், போலீஸுக்கு விற்கலாம். ஏறக்குறைய நாலு கோடிப் பேர் வசிக்கும் சந்தை அது. ஒரு மாநிலத்துக்கு ஒரு துப்பாக்கி, மற்றவற்றுக்கு வேறொன்று என்று தயாரிப்பது எந்தத் தொழிற்சாலைக்கும் தலைவலி. பல ஆண்டு மரணங்களும் பல மாநில வழக்குகளும் வெளிப்படையாகச் சாதிக்காததை, ஒரு விற்பனைத் தடை சில நாட்களில் சாதித்துவிட்டது போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம். துப்பாக்கி உரிமை அமைப்புகளும் சும்மா இருக்கவில்லை. சட்டம் கையெழுத்தான சில நாட்களிலேயே, அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் தரும் உரிமையை இது பறிக்கிறது என்று கோர்ட்டுக்குப் போயின. நாட்டின் மிகச் சாதாரணமான, மிகப் பரவலான கைத்துப்பாக்கியையே தடை செய்ய முடியும் என்றால் பிறகு எதைத்தான் தடை செய்ய முடியாது என்பது அவர்கள் கேள்வி. அதிலும் அர்த்தம் இல்லாமல் இல்லை.

நிறுத்தியதால் என்ன மாறும்? உடனடியாகப் பார்த்தால், அதிகமில்லை. நாற்பதாண்டுகளாக விற்ற பழைய கிளாக்குகள் லட்சக்கணக்கில் மேஜை அறைகளிலும் கார்களிலும் இருக்கின்றன. நன்றாகச் செய்த துப்பாக்கி என்பதால் பேரன் காலத்திலும் சுடும். அடிப்படைக் காப்புரிமைகள் முடிந்துவிட்டதால் அதே அமைப்பை நகலெடுத்து விற்கும் மற்ற நிறுவனங்களும் உண்டு. தடை வரும், மாடல் நிற்கும் என்ற பேச்சு கிளம்பினாலே கடைகளில் கூட்டம் சேருவது அமெரிக்கத் துப்பாக்கி வியாபாரத்தின் பழைய பழக்கம். பெரிய கணக்கிலும் ஸ்விட்ச் சிறிய பகுதிதான். 2023ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அதில் 27,300 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். தற்கொலைக்கு இயந்திரத் துப்பாக்கி தேவையில்லை; ஒரு தோட்டா போதும்.

இந்திய வாசகருக்கு இதெல்லாம் வேற்றுக்கிரகச் செய்தி போலப் படலாம். இங்கே என்.எஸ்.ஜி. கமாண்டோவின் கையில் கிளாக் இருக்கும்; குடிமகன் கையில் இருக்காது. 9 எம்.எம். தோட்டா சாதாரண லைசென்ஸில் கிடைக்காத தடை செய்யப்பட்ட ரகம். 1959 ஆயுதச் சட்டம் லைசென்ஸ் இல்லாமல் எதையும் அனுமதிப்பதில்லை. 2019ல் செய்த திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. ஆனாலும் 2018ல் ஜெனீவாவின் ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வு அமைப்பு போட்ட மதிப்பீட்டில், குடிமக்களிடம் உள்ள துப்பாக்கிகளின் எண்ணிக்கையில் 39.3 கோடியோடு அமெரிக்கா முதலிடம் என்றால், 7.1 கோடியோடு இரண்டாமிடம் இந்தியாவுக்கு. அவற்றில் பதிவானவை ஒரு கோடிக்கும் குறைவு. பதினெட்டாம் நூற்றாண்டில் நவாப் மீர் காசிம் ஆயுதசாலை அமைத்த பீகாரின் முங்கேரில், அந்தக் கைத்தொழிலின் வாரிசுகள் சிலர் கள்ளத்தனமாக அடித்துத் தரும் ‘கட்டா’வுக்கு மாடல் எண்ணும் கிடையாது, கம்பெனியும் கிடையாது. வழக்குப் போடவோ வடிவத்தை மாற்றச் சொல்லவோ முகவரி இல்லை. லைசென்ஸ்காரர்கள் வாங்கும் ரிவால்வரைக் கான்பூரில் பெரும்பாலும் அரசு ஆலையே தயாரிக்கிறது. தயாரிப்பாளரின் பொறுப்பு என்ற கேள்வியை இந்தியா கேட்காமல் இருப்பதற்குக் காரணம், அதற்கு விடை கண்டுவிட்டோம் என்பதல்ல. கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் இல்லை என்பதுதான். அமெரிக்காவில் ஆள் இருக்கிறார். பெயர்ப் பலகையோடு இருக்கிறார். அங்கே விவகாரம் அவரைக் கேட்கலாமா கூடாதா என்பது.

அந்த விவகாரத்தில்தான் 2025 அக்டோபர் அறிவிப்பு முக்கியமாகிறது. ‘வி’ வரிசையின் உட்பாகங்கள், புழக்கத்திலிருந்த ஸ்விட்ச் எளிதில் பொருந்தாதபடி மாற்றப்பட்டவை என்றே துப்பாக்கிப் பத்திரிகைகள் அதை வரவேற்றன அல்லது திட்டின. புதிய தடையையும் உடைக்க யாராவது வழி கண்டுபிடிக்கலாம். பூட்டு என்று ஒன்று வந்தால் கள்ளச்சாவியும் வரும். ஆனால் பூட்டே போட முடியாது, எந்தத் துப்பாக்கியும் எப்படியும் இப்படித்தான் என்ற பேச்சுக்கு இனி இடமில்லை. பாகத்தை மாற்றலாம், மாற்றிய பிறகும் துப்பாக்கி சுடும், விற்கவும் செய்யலாம். அதை எந்தக் கட்டுப்பாட்டு அமைப்பும் நிரூபிக்கவில்லை. தயாரித்தவரே நிரூபித்துவிட்டார்.

கோர்ட்டுகளில் இதை அப்படியே வைத்துவிட முடியுமா என்பது வேறு விஷயம். அமெரிக்க மத்திய சாட்சிய விதிகளில் 407 என்று ஒன்று உண்டு. மாநிலங்களிலும் ஏறக்குறைய அதேபோன்ற விதிகள் உள்ளன. விபத்துக்குப் பிறகு ஒருவர் படிக்கட்டைச் சரிசெய்தால், பார், படிக்கட்டு பழுது என்று அவரே ஒப்புக்கொண்டார் என வாதாடக் கூடாது என்கிறது அந்த விதி. காரணம் நியாயமானது. அப்படி வாதாட விட்டால், வழக்குக்குப் பயந்து யாரும் எதையும் பழுதுபார்க்க மாட்டார்கள். ஆனால் அதே விதியில் ஒரு ஜன்னலும் வைத்திருக்கிறார்கள். இதைச் சரிசெய்யவே முடியாது என்று எதிர்த்தரப்பு சாதித்தால், சரிசெய்ததைக் காட்டலாம்.

சிகாகோவிலும் மற்ற இடங்களிலும் வக்கீல்கள் அந்த ஜன்னலைச் சுற்றி நீண்ட காலம் வாதாடக்கூடும். பர்மிங்ஹாமில் அந்த இரவு வீடு திரும்பாத நால்வரின் குடும்பங்களுக்குச் சாட்சிய விதி தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவர்கள் கேள்வி இன்னும் எளிமையானது: 2025ல் செய்ய முடிந்த மாற்றத்தை, 2023ல் செய்திருக்க முடியாதா?